பதுவாக் கீரையின் குலமும் கோத்திரமும்

மார்கழி பிறந்துவிட்டால் தில்லி, லக்னோ, கான்பூர் முதலிய வடபுல நகரங்களின் காய்கறிச் சந்தைகள் கீரைகளால் நிறைந்துவிடுகின்றன. வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, பாலக் ஆகியவற்றின் அருகே, மாவு தூவியதுபோல் வெண்மை படர்ந்த இலைகளையுடைய கீரைக் கட்டுகளும் குவிந்திருக்கும். அதுவே பதுவா. பெரும்பாலும் கோதுமை வயல்களில் தானே முளைக்கும் களை அது. ஆகையால் விலையும் குறைவு. தெற்கிலிருந்து வந்து குடியேறிய நம்மவருட் பலர் அதனை ஊர்பேர் அறியாத கீரை என்றெண்ணி ஒதுக்கிவிடுகின்றனர். அதற்கு ஊரும் பேரும் உண்டு. குலமும் கோத்திரமும்கூட உண்டு. அவற்றை அறிந்துகொள்வது அறிவுக்கு விருந்து மட்டுமன்று, அடுப்பங்கரைக்கும் பயன் தருவதாகும். எனவே அதன் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

பெயர் வந்த வழி

ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ், 1753-இல் வெளியிட்ட தம் பெருநூலில் இச்செடிக்குக் கீனோபோடியம் ஆல்பம் என்னும் பெயரை வழங்கினார். கிரேக்க மொழியில் வாத்தின் இனத்தைச் சேர்ந்த பெரிய பறவையையும், சிறிய காலையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கையே கீனோபோடியம். இலையின் வடிவம் அப்பறவையின் பாதத்தை ஒத்திருப்பதால் வந்த பெயர் இது. ஆல்பம் என்னும் இலத்தீன் சொல் வெண்மையைக் குறிக்கும். முன்னது பேரினத்தின் பெயர். பின்னது இனத்தின் பெயர்.

தமிழ்நாட்டில் இக்கீரையைச் சக்கரவர்த்திக் கீரை என்பர். பருப்புக்கீரை என்று கூறுவோரும் உளர். ஆனால் அதே பெயர் தரையோடு படரும் வேறொரு செடிக்கும் வழங்குகிறது. ஒரு பெயரை இரு செடிகளும், இரு பெயரை ஒரு செடியும் தாங்கி நிற்கும் இத்தகைய குழப்பத்தைத் தீர்க்கவே தாவரவியலார் உலகம் முழுமைக்கும் பொதுவான பெயர்களை அமைத்தனர்.

அடையாளங்கள்

பதுவாவின் இலைகள் தண்டில் மாறி மாறி அமைந்தவை. இளந்தளிர்களிலும் இலையின் அடிப்புறத்திலும் காணப்படும் வெண்பொடி உண்மையில் பொடியன்று. நீர் நிறைந்த நுண்ணிய குமிழ்களைத் தாங்கிய மயிர்கள் இலையின்மேல் வளர்கின்றன; அவை வற்றிச் சுருங்கும்போது மாவுபோல் தோன்றுகின்றன.

மலர்கள் மிகச் சிறியவை, பசுமை நிறத்தவை. அவற்றிற்கு வண்ண இதழ்கள் இல்லை. வண்டுகளை வருந்தி அழைக்கவேண்டிய தேவையும் இல்லை. காற்றே மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. ஒவ்வொரு மலரும் ஒரே ஒரு விதையைத் தருகிறது. அவ்விதை பளபளப்பான கருமை நிறமும், இருபுறமும் சற்றே குவிந்த வட்ட வடிவமும் உடையது. விதையைப் பிளந்து உருப்பெருக்கியால் நோக்கினால், முளைக்கரு நடுவிலுள்ள மாவுப்பொருளை வளையம்போல் சுற்றியிருப்பதைக் காணலாம்.

உழவர்கள் எத்துணை முறை களைந்தாலும் பதுவா மீண்டும் தோன்றுவதற்கும் விதையிலேயே விடை உண்டு. ஒரே செடியில் மெல்லிய தோலுடைய பழுப்பு விதைகள் சிலவும், கடினத் தோலுடைய கரிய விதைகள் பலவும் உண்டாகின்றன. பழுப்பு விதை விரைவில் முளைத்துவிடும்; கரிய விதையோ மண்ணுள் பல ஆண்டுகள் உறங்கிக் காத்திருக்கும். ஒரு பருவம் பொய்த்தாலும் குலம் அழியாதவாறு இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது.

வகுத்தவர் பட்ட பாடு

கீனோபோடியம் பேரினத்தை வகைப்படுத்த முயன்ற அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. இலையின் வடிவத்தை நம்புவோமெனில், ஒரே செடியின் கீழிலை அகன்று பற்களோடும், மேலிலை குறுகிப் பற்களின்றியும் இருக்கின்றது. வளமான மண்ணில் ஆளுயரம் வளர்வது, வறண்ட நிலத்தில் ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிடுகிறது. மலரை நம்புவோமெனில், எல்லா இனங்களின் மலர்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே உள்ளன. ஆகவே விதைத்தோலின் வேலைப்பாடு, இலைமயிரின் அமைப்பு முதலிய நுண்ணிய குறிகளை நாடவேண்டியதாயிற்று.

அதன் பின்னர்க் குரோமோசோம்களை எண்ணும் முறை வந்தது. இப்பேரினத்தின் அடிப்படை எண் ஒன்பது. ஐரோப்பாவில் ஆல்பம் எனப்படும் செடி 54 குரோமோசோம்களை உடையது. நம் நாட்டில் அதே பெயரால் வழங்கும் செடிகளை ஆராய்ந்தபோது 18, 36, 54 என மூவகை எண்கள் கிடைத்தன. சந்தையில் பதுவா என்னும் ஒரே பெயரில் நாம் வாங்குவது, தாவரவியலார் கண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களாக இருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

இறுதியில் மரபணு ஆராய்ச்சி, கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினை செய்ததுபோல் இப்பேரினத்தையே பிரித்துவிட்டது. மணமுள்ள சுரப்பிகளையுடைய இனங்கள் 2002-இல் டிஸ்பேனியா என்னும் பேரினத்திற்கு மாற்றப்பட்டன. 2012-இல் வெளிவந்த ஆய்வுகள் எஞ்சியவற்றுள்ளும் சிலவற்றைக் கீனோபோடியாஸ்ட்ரம், ஆக்ஸிபேஸிஸ், லிபாண்ட்ரா, பிளிட்டம் எனத் தனித்தனியே பிரித்தன. முன்பு ஒரே வீட்டுப் பிள்ளைகளாக எண்ணப்பட்ட பிளிட்டம் செடிகள், உண்மையில் பதுவாவைவிட ஸ்பினாச் கீரைக்கே நெருங்கிய உறவு என்பதும் தெரியவந்தது.

பேரினம் பிரிந்தது, குடும்பமோ விரிந்தது. கீனோபோடியேசி என்று தனித்திருந்த குடும்பத்தை, 1998-இல் பன்னாட்டுத் தாவரவியலார் குழுவொன்று அமராந்தேசி குடும்பத்தோடு இணைத்தது. இரண்டையும் தனியே வைக்கவேண்டும் என்னும் வல்லுநர்கள் இன்றும் உளர். எனினும் பெரும்பான்மையோர் இணைப்பை ஏற்றுள்ளனர். நம் முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை யாவும் அமராந்தேசியைச் சேர்ந்தவை என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். நாம் அயலான் என்றெண்ணிய பதுவா, நம் வீட்டுக் கீரைகளுக்குப் பங்காளியாகிவிட்டது!

சுற்றமும் நட்பும்

வடநாட்டார் பாலக் என்பது பீட்ரூட்டின் இனத்தது. ஸ்பினாச் வேறு. எனினும் இரண்டும் பதுவாவின் சுற்றத்தாரே. வேதாரண்யம் பகுதிக் கடலோர உப்பு நிலங்களில் வளரும் உமரியும் இக்குலத்ததே. உவர் நிலத்தையும் வறட்சியையும் தாங்கி வளரும் ஆற்றல் இக்குலத்தார் பலருக்கும் உண்டு.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், டிட்டிகாகா ஏரிப் பகுதி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வரும் கீன்வா, கீனோபோடியம் பேரினத்திலேயே உள்ளது. 2013-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை கீன்வா ஆண்டாக அறிவித்தது. இன்று பெருநகர்க் கடைகளில் அழகிய பொட்டலங்களில் மிகுந்த விலைக்கு அது விற்கப்படுகிறது. அதன் உடன்பிறப்போ தெருமுனைத் தள்ளுவண்டியில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. இமயமலைச் சாரலில், இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம் ஆகிய பகுதிகளில், பதுவா இனத்தையே தானியத்திற்காகப் பயிரிடும் வழக்கமும் உண்டு.

இல்லத்தரசிகள் கவனத்திற்கு

இவ்வாராய்ச்சியால் வீட்டுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். முதற்பயன் எச்சரிக்கை. குப்பைமேடுகளிலும் சுவரோரங்களிலும் பதுவாவைப் போலவே ஒரு செடி வளர்கிறது. அதன் இலை பதுவாவைவிடக் கரும்பச்சையாகவும், வெண்பொடி குறைந்தும், கூரிய பற்களோடும் இருக்கும். அது கீனோபோடியாஸ்ட்ரம் பேரினத்தது, பதுவா அன்று. கசக்கினால் காட்டமான மணம் வீசும் வேறொரு செடியும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவிவிட்ட டிஸ்பேனியா அது. முற்காலத்தில் குடற்புழு நீக்க அதன் எண்ணெயைக் கொடுத்தனர்; அளவு மீறியதால் உயிரிழந்தோரும் உண்டு. ஆகவே மணம் வீசும் செடியைப் பதுவா என்று பறித்தல் ஆகாது. களைக்கொல்லி தெளித்த வயலோரத்திலும் சாக்கடை ஓரத்திலும் வளர்ந்ததையும் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது, இக்குலத்தார் பலரைப்போல் பதுவாவிலும் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும். மற்றவர்களும் நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிடுதல் நன்று. வடநாட்டார் வெந்த கீரையைத் தயிரில் கலந்து ராய்தாவாக உண்பது பொருத்தமான வழக்கமே. தயிரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அவ்வமிலத்தைப் பிணைத்துக்கொள்கிறது. நம் முறைப்படி பாசிப்பருப்புச் சேர்த்துக் கூட்டாகவோ, மிளகு சீரகம் தாளித்து மசியலாகவோ செய்யினும் சுவை குன்றாது.

பள்ளியிற் பயிலும் நம் சிறுவர் சிறுமியர், பங்குனியில் முற்றிய பதுவாச் செடியொன்றைக் கொணர்ந்து, அதன் விதைகளில் கரியவை எத்தனை, பழுப்பு எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். அன்னையர் வரும் குளிர்காலத்தில் ஒரு கட்டு பதுவா வாங்கிச் சமைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சக்கரவர்த்தி என்று அழைக்கப்படும் கீரை, வடநாட்டில் நம் வாயிலுக்கே வந்து நிற்கும்போது அதனை வரவேற்பதுதானே முறை!