லயத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் பாதையில் மழை நாட்களில் முன்னால் போகும் பஸ்கூடத் தெரியாது. நக்கிள்ஸ் மலைக்கு அந்தப்புறம் லக்கலைப் பக்கத்தில் நடுச்சாமத்தில் ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டால் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை வெகுதூரம். அதனால் தூரத்துக் கர்ப்பிணிகளைத் திகதிக்கு முன்னதாகவே வாட்டில் சேர்த்துவிடுகிறார்கள். வலியே இல்லாமல் கட்டிலில் கிடப்பதா என்று பெண்கள் முணுமுணுப்பார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், விட்டுவந்த மூத்த பிள்ளையின் நினைப்பு வேறு.

யாரை எப்போது அனுப்புவது என்பதை முதலில் கவனிப்பவர் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர். தோட்டத்தில் அவர் மிட்வைஃப் மிஸ். கர்ப்பிணி அட்டையில் நிறை, பிரஷர், வயிற்றின் உயரம் எல்லாம் பதிவாகும். திரிபோஷ சத்துமா கிடைத்ததா என்றும் கேட்பார்.

1926இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு திறக்கப்பட்டபோது வேரூன்றிய முறை இது. மலேரியா வாட்டிய 1935இல் இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். கோவிட்டுக்கு முந்தைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 40க்குள் வந்துவிட்டது. மலேரியா ஒழிப்புக்கும் இலவச வைத்தியத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் படியேறி வீட்டுக்கு வந்த மருத்துவ மாதுகள் இல்லாமல் இது நடந்திருக்காது. தோட்டங்களுக்குத்தான் இந்தப் பலன் பிந்தி வந்தது. அங்கே வைத்தியம் நெடுங்காலம் கம்பனியின் பொறுப்பிலேயே இருந்தது. லயத்துக் காம்பிராவில் மருத்துவிச்சி கையில்தான் பெரும்பாலான பிள்ளைகள் பிறந்தன.

மிட்வைஃப் மிஸ் அனுப்பிய பெண் வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தபின், பிரசவ அறைக்குள் தாதியின் முதல் ஆயுதம் ஒரு தாள். 'பார்ட்டோகிராம்' என்ற அந்த வரைபடத்தை அன்றைய ரொடீசியாவில் ஃபில்பாட் என்ற மருத்துவர் 1972இல் செப்பனிட்டார். கிராமத்து மருத்துவ மாது தன்னிடமுள்ள பெண்ணை எப்போது நகரத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அறிவதற்காகச் செய்தது அது. மாத்தளை மலைகளுக்கென்றே செய்ததுபோல! கர்ப்பப்பை வாய் மணிக்கு 1 சென்ரிமீற்றராவது திறக்க வேண்டும் என்று ஒரு கோடு. அதற்கு 4 மணி நேரம் தள்ளி இன்னொரு கோடு. முதல் கோட்டைத் தாண்டினால் விழிப்பு, இரண்டாவதைத் தாண்டினால் உடனே நடவடிக்கை. தென்கிழக்காசியாவில் 35,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் பார்த்த ஆய்வில், இந்தத் தாளைப் பயன்படுத்தியபின் 18 மணி நேரத்துக்கு மேல் இழுத்த பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. இப்போது 1 சென்ரிமீற்றர் கணக்கை எல்லோருக்கும் பொருத்தக்கூடாது என்று அதே நிறுவனமே திருத்திவிட்டது, அது வேறு கதை.

பிள்ளை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் ஒக்ஸிடோசின் ஊசி. நச்சுக்கொடி விழுந்ததும் தாதியின் கை தாயின் அடிவயிற்றைத் தடவிப் பார்க்கும். கர்ப்பப்பை கல்லுப்போல இறுகியிருந்தால் நல்லது. தொளதொளவென்றிருந்தால் இரத்தம் கொட்டப்போகிறது. உலகெங்கும் தாய்மாரின் உயிரைக் குடிப்பதில் முன்னணியில் நிற்பது இந்த இரத்தப்பெருக்குத்தான்.

இத்தனையும் ஒழுங்காக நடந்தாலும் ஒரு குறை மிஞ்சுகிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தமிழ்தான் தெரியும். பக்கத்தில் நிற்கும் தாதிக்குப் பெரும்பாலும் சிங்களம்தான் வரும். எப்போது முக்குவது, எப்போது மூச்சை விடுவது என்று சைகையால் எவ்வளவு சொல்லிவிட முடியும்? மொழி தெரிந்த துணை இருந்தால் உதவும். பிரசவத்தில் விரும்பிய ஒருவர் கூட இருக்கலாம் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பல கட்டில்கள் ஒரே அறையில் கிடக்கும் இடத்தில் கணவனை விடுவது சிரமம், சரி. அம்மாவையோ அக்காவையோ விடலாமே. மொழிக் குறைக்கு இன்னொரு வழியும் உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சி 18 மாதம்தான். லயத்துப் பிள்ளைகளை அதற்கு எடுப்பது புதுக் கட்டடம் எழுப்புவதைவிடச் செலவு குறைந்த வேலை.