பாத்திகளின் வருநிலையை முன்னறியும் கணக்கு

முடிவின்றி நீண்ட ஒரே வரிசையிலுள்ள பாத்திகளைக் கருதுக. தன் இரு பக்கத்துப் பாத்திகளுள் ஒன்றில் மட்டும் இன்று நோயிருப்பின் ஒரு பாத்தி நாளை நோயுறும்; இரண்டிலும் இருப்பினும், இரண்டிலும் இல்லாவிடினும் நோயற்றிருக்கும். (மெய்யான பயிர்நோய் இத்துணை ஒழுங்காய்ப் பரவுமாயின் மிராசுதாரர்களுக்குக் கவலையே இராது.) 'செல்லுலார் ஆட்டோமேட்டா' எனப்படும் இத்தகைய கட்டக் கணக்குகளுள் இதற்கு 90-ஆம் விதி என்று பெயர்.

நூறாம் நாளின் நிலையை அறிய நாள்தோறும் கணக்கிட வேண்டுவதில்லை. இரண்டு நாட்களில் ஒரு பாத்தியின் இன்றைய நிலை இடப்புறமாயும் வலப்புறமாயும் திரும்பி வந்து இருமுறை சேர்வதால் கழிந்துபோம்; இருபுறமும் இரண்டு பாத்தி தள்ளியுள்ளவையே எஞ்சும். 4, 8, 16 என இரட்டிக்கும் நாட்களுக்கும் இதுவே முறை. ஆகவே 100 நாட்களை 64, 32, 4 எனப் பிரித்து, இருபுறமும் 28, 36, 92, 100 பாத்திகள் தள்ளியுள்ள எட்டினை மட்டும் பார்த்தாற் போதும். அவற்றுள் நோயுற்றவை ஒற்றைப்படையாயின் நடுப்பாத்தி அன்று நோயுறும்.

30-ஆம் விதியோ இவ்வாறு வசப்படுவதன்று. அதில், ஒரு பாத்தியும் அதன் வலப்பாத்தியும் நோயற்றிருப்பின் இடப்பாத்தியின் நிலையே மறுநாள் வரும். இல்லையேல் அதற்கு மாறானது வரும். நோயுற்ற ஒரே பாத்தியில் தொடங்கினும், அப்பாத்தியில் நாளுக்கு நாள் உண்டாகும் மாறுதலில் ஒழுங்கு புலப்படுவதில்லை. இவ்விதியை 1983-ல் ஆராய்ந்த ஸ்டீவன் வுல்ஃப்ராம், அதன் பிற்கால நிலையை அறியக் குறுக்குவழி உண்டா என்னும் வினாவுக்கு 2019-ல் பரிசு அறிவித்தார்.