நீதிபதி மேத்யூ ஹேல்: வாழ்வும் எழுத்தும்

ஒருவர் நல்லவர், நேர்மையானவர் என்பதாலேயே அவர் எழுதியதெல்லாம் சரியாகிவிடுமா? 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த சர் மேத்யூ ஹேலின் வரலாற்றைப் படிப்பவர்க்கு இந்தக் கேள்வி எழாமல் போகாது.

1609இல் க்ளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஆல்டர்லி கிராமத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு, 1628இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் சட்டம் பயிலச் சேர்ந்தார். சாதாரணமான காலமா அது! உள்நாட்டுப் போர் மூண்டு, 1649இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலையே போயிற்று. மன்னரைக் கவிழ்த்த கிராம்வெல்லும் 1654இல் ஹேலை நீதிபதியாக்கினார். அதே ஆண்டில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். 1660இல் முடியாட்சி திரும்பியபோது, இரண்டாம் சார்லஸும் அவரை விட்டுவிடவில்லை. 1671இல் மன்னர் மன்றத்தின் தலைமை நீதிபதியானார்.

எதிரெதிர் அணியினர் இருவரும் அவரைத் தேடியதற்குக் காரணம் அவருடைய சட்ட ஞானமும் கை சுத்தமும்தான். வழக்காடி ஒருவர் அவருக்கு மான் இறைச்சி அனுப்பினாராம். அதற்கு விலை வாங்கிக்கொண்டால்தான் வழக்கை எடுப்பேன் என்று ஹேல் பிடிவாதமாக இருந்துவிட்டார். 1682இல் வெளிவந்த கில்பர்ட் பர்னெட்டின் வாழ்க்கை வரலாற்றில் இந்தச் செய்தி இருக்கிறது.

அதே கைதான் 1662இல், பரி செயின்ட் எட்மண்ட்ஸில், சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பெண்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 30 ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளுக்கு இந்த விசாரணையே முன்மாதிரியாயிற்று.

ஹேல் 1676இல் காலமானார். அவருடைய ஆங்கிலேயப் பொதுச்சட்ட வரலாறு 1713இலும், குற்றவியல் சட்டத்தைப் பற்றிய பெருநூல் 1736இலும்தான் அச்சேறின. இரண்டாவது நூலில் ஒரு கருத்து: மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்தாலும் அது குற்றமாகாது, திருமண ஒப்பந்தத்தின் மூலம் அவள் ஏற்கெனவே சம்மதம் தந்துவிட்டாள், அதைத் திரும்பப் பெற முடியாது. இதற்கு முன்தீர்ப்பு எதையும் அவர் காட்டவில்லை. ஆனாலும் எழுதியவர் ஹேல் ஆயிற்றே! பின்வந்த நீதிமன்றங்கள் அதையே வேதவாக்காகக் கொண்டன.

சரி, இங்கிலாந்துக் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? வெள்ளையர் 1860இல் கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவிலும் இதே விதிவிலக்கு இடம்பெற்றது. இங்கிலாந்து 1991இல் பிரபுக்கள் சபைத் தீர்ப்பினால் அதைக் கைவிட்டது. நம்ம நாட்டிலோ, 2013இல் வர்மா குழு நீக்கச் சொல்லியும், மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால் கணவனுக்கு விலக்கு என்ற அளவில், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் தொடர்ந்து வருகிறது.

ஹேலின் நேர்மையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அதோடு, பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஆதாரம் கேட்காமல் விட்டால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.