கணினி ஆய்வகமும் புவி இணைப்பும்: ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

“சார், அந்தப் பெட்டியைத் தொட்டா சுர்ருங்குது.” கடலூர் முதுநகர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், இணையக் கருவிகள் உள்ள இரும்பு ரேக்கைப் பற்றி ஒரு மாணவி இப்படிச் சொன்னாள். “ஒன்றும் ஆகாது” என்று கடந்துவிட முடியாத சொல் அது.

கணினி, ரூட்டர், சுவிட்ச் போன்றவற்றின் மின்வழங்கிகளில் இரைச்சலை வடிக்கும் சிறு மின்தேக்கிகள் உண்டு. அவற்றின் வழியே மிகச் சிறிதளவு மின்னோட்டம் உலோக உறைக்குக் கசியும். புவி இணைப்பு (எர்த்) சரியாக இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால், தொடுபவரின் உடலே அதற்குப் பாதையாகும். கசிவு சிறிது என்பதால் ‘சுர்’ என்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே கம்பியின் உறை கிழிந்து உலோகத்தில் பட்டால், 230 வோல்ட்டும் ரேக்கில் ஏறிவிடும். எர்த் இல்லாதபோது பெருமின்னோட்டம் பாய வழியில்லை, எனவே எம்.சி.பி.யும் விழாது. ஆக, அந்தச் ‘சுர்’ ஓர் எச்சரிக்கை.

கருவிகளைப் பொருத்த வருபவரிடம் நாம் கேட்க வேண்டியவை:

1. மூன்று முனை பிளக்கின் நீண்ட, தடித்த முனை எர்த்துக்கானது. அந்த முனை செருகும் துளைக்குப் பின்னால் எர்த் கம்பி உண்மையில் இணைக்கப்பட்டுள்ளதா? நியூட்ரலையே எர்த் துளையில் முடிச்சுப் போட்டிருப்பது பேராபத்து.

2. ரேக்கின் உடல் பச்சைக் கம்பியால் எர்த்துடன் இணைக்கப்பட்டுள்ளதா? பெயின்ட்டின் மேலேயே திருகினால் தொடர்பு கிடைக்காது. சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும்.

3. மின்கம்பியும் லேன் கேபிளும் தனித்தனிக் குழாயில் செல்கின்றனவா? குறுக்கிடும் இடத்தில் செங்குத்தாகக் கடந்தால் இரைச்சல் குறையும்.

4. ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் செம்புக் கேபிள் இழுக்கிறார்களா? அருகில் இடி விழும்போது இரு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு எழும். அது கேபிள் வழியே பாய்ந்து கருவிகளைக் கருக்கிவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கம்பி இல்லாத இழைக் கேபிளே அங்கு ஏற்றது. செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் என்ற எல்லையும் உண்டு.

நம் கடற்கரைக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உள்ளது. முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பகுதிகளில் உப்பு ஈரம் மண்ணின் மின்கடத்தலுக்கு உதவும். ஆனால் எர்த் குழியின் இரும்பையும் இணைப்புத் திருகையும் அதுவே அரித்துவிடும். மேலே பச்சைக் கம்பி பளிச்சென்று இருக்க, கீழே இணைப்பு அறுந்திருக்கலாம். மணற்பாங்கான இடங்களில் கோடையில் மண் காய்ந்து மின்தடை கூடும்; குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். எனவே ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் தடையை அளந்து, தேதியுடன் பதிவேட்டில் எழுதி வைப்பது நல்லது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த ‘தானே’ போன்ற புயலுக்குப் பின்னரும், வெள்ளம் புகுந்த பின்னரும், சோதிக்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

இடி மின்னல் வருவதற்கு முன்பே மின்பிளக்கோடு, வெளியிலிருந்து வரும் இணையக் கேபிளையும் கழற்றிவிட வேண்டும். தொடங்கிய பின் கேபிளைத் தொட வேண்டாம். ‘சுர்’ என்று யாராவது சொன்னால் மெயினை அணைத்து, ஆய்வகத்தைப் பூட்டி, தலைமையாசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். நாமோ மாணவரோ கழற்றிப் பார்க்கக் கூடாது.

புவி இணைப்பு நாம் வகுப்பில் நடத்தும் பாடம்தான். அது முதலில் நம் ஆய்வகச் சுவரில் சரியாக இருக்கட்டும்.