வேட்டி மறைக்கும் வியாதி

சிவகாசி, விருதுநகர்ச் சீமையில் வெடிமருந்தோடு பழகும் துணிச்சல்காரர்கள்கூட ஒரு வியாதியை மட்டும் டாக்டரிடம் சொல்லக் கூசுவதுண்டு. விரைப் பையில் நீர் கோத்து வீங்கும் ஓதந்தான் அது. குடும்பப் பத்திரிகையில் இது என்ன பேச்சென்று நேயர்கள் முகஞ் சுளிக்க வேண்டாம். மூடி வைப்பதனால்தான் எலுமிச்சை அளவிலிருப்பது தேங்காய் அளவாகிறது.

விரையைச் சுற்றி மெல்லிய சவ்வுப் பை ஒன்று உண்டு. அதில் ஊறும் நீரும் உறிஞ்சப்படும் நீரும் சமமாயிருக்கும் வரையில் தொந்தரவில்லை. கணக்குப் பிசகினால் வீக்கம். யானைக்கால் நோய்ப் புழுக்களும் இதற்குக் காரணமாகும். அப்புழுக் குஞ்சுகளை 1863-ல் பாரிஸில் டிமார்க்கே என்னும் டாக்டர் முதன்முதல் கண்டது ஓத நீரிலேதான்.

நீரை வடித்துவிட்டால் போதாதா? நமது சுசுருத சம்ஹிதையே துளையிட்டுக் குழாய் வழியே வடிக்கும் முறையைச் சொல்கிறது. ஆனால் பை இருக்க, நீர் மறுபடி ஊறும். 1832-ல் கல்கத்தாவில் ரானால்டு மார்ட்டின் என்பவர் வடித்த பையினுள் அயோடினைச் செலுத்திப் பார்த்தார். (அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனதும் அதே கல்கத்தாதான்!) பெரிய வீக்கத்துக்கு ரண சிகிச்சையே நிச்சயமான வழி.

அதில் மூன்று முறைகள் பிரசித்தம். பிரெஞ்சு டாக்டர் ஜபூலேயின் முறையில், தலையணை உறையைப் புரட்டுவதுபோல் பையை உட்புறம் வெளியாகப் புரட்டித் தைக்கிறார்கள். 1964-ல் இங்கிலாந்தில் லார்டு என்பவர் வெளியிட்ட முறையோ புடவைக் கொசுவம் போன்றது: பையை மடிப்பு மடிப்பாகச் சுருக்கித் தைப்பது. இரத்தச் சேதம் மிகக் குறைவு. ஆனால் பட்டுப் புடவை கொசுவத்துக்கு வசப்படும், ஜமக்காளம் வசப்படுமா? நாட்பட்ட பெரிய ஓதத்தில் பை தடித்துவிடுகிறது. அங்கே பையின் பெரும் பகுதியை அறுத்தெடுப்பதே மேல் என்பது நம் அபிப்பிராயம். இதில் இரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் அதிகம். வெட்டிய விளிம்பு முழுவதையும் பொறுமையாகத் தைக்கவேண்டும். ஆனால் வீக்கம் திரும்புவது அபூர்வம்.

வீங்கியதெல்லாம் ஓதமல்ல. குடலிறக்கமாகவோ, விரையிலேயே கட்டியாகவோ இருக்கலாம். இருட்டறையில் சிறு விளக்கை வைத்துப் பார்த்தால் நீர் பெரும்பாலும் செக்கச் செவேலென ஒளிவிடும். பை தடித்திருந்தால் ஸ்கேன் தேவை. இதற்கு மதுரைக்குத்தான் போகவேண்டும் என்பதுமில்லை. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

ஆண்மை போய்விடும் என்ற பயம் வீண். விரையை எடுப்பதில்லை, பையைத்தான் சரி செய்கிறார்கள். பிறகு சில வாரம் கோவணத்தை இறுக்கிக் கட்டி, மூட்டை தூக்காமலும் சைக்கிள் மிதிக்காமலும் இருக்கவேண்டும்.