உருகி வயரைக் காக்கும். ஆளைக் காப்பது எது?

1990இல் திருகோணமலைக் கிராமங்களிலிருந்து இடம்பெயர்ந்த நாம், நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பினால் கூரையைப் பார்க்கிறோம், கிணற்றை இறைக்கிறோம். சுவரிலுள்ள பழைய வயரையும் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. அது உயிர்க்கம்பியால் வந்து, விளக்கையோ தண்ணீர்ப் பம்பியையோ இயக்கி, நொதுமற்கம்பியால் திரும்புகிறது. 1000 வாற்று ஸ்திரிக்கைப்பெட்டிக்கு ஏறத்தாழ 4.3 அம்பியர் வேண்டும். 5 அம்பியர் உருகி அதைத் தாங்கும். ஆனால் மனித உடலூடாகச் சில விநாடிகள் 0.1 அம்பியர் பாய்ந்தாலே உயிர் போகலாம். அதற்கு உருகி அசையாது. அது அளவுமீறிச் சூடாகாமல் வயரைத்தான் காக்கும்.

ஆளைக் காப்பது ட்ரிப் சுவிச். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் 0.03 அம்பியர் வேறுபட்டாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அடிக்கடி விழுகிறதென்று அதை விலக்கி நேரே வயர் கொடுப்பது ஆபத்து. எங்கோ ஒழுக்கு உண்டென்றே அது சொல்கிறது.

புவிக்கம்பியும் அவசியம். சாம்பல்தீவு போன்ற கடலோர ஊர்களில் மேல்மணல் காய்ந்தால் மின்சாரத்தை நன்கு கடத்தாது. கோல் ஈரமண்ணைத் தொடும்வரை இறங்க வேண்டும்.

ஆகவே, குடிபுகுமுன் பயிற்சிபெற்ற மின்வினைஞரைக் கொண்டு வயரிங்கைச் சோதிப்போம். மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்போம். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம்.