பழைய கார்: அசல்தானா, ஏலத்தில் எவ்வளவு பெறும்?

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் பக்கம் வீட்டுக் கொட்டகையில் பழைய மெர்சிடிஸ் காரை மூடி வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. "தோட்டத்துத் துரை வச்சிருந்த காடி, அப்பா வாங்கினது" என்பார்கள். யாராவது விலை கேட்டு வந்துவிட்டால், உடனே பட்டறைக்கு அனுப்பிப் புதுச் சாயம் அடிக்கிறார்கள். நேயர்களே, காரின் மதிப்பு முதலில் கரைவது அங்கேதான்.

ஏலம் விடுபவர் முதலில் பார்ப்பது சேசிஸ் எண்ணை. அது கிராண்டில் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். அடுத்து, இன்ஜின் தொழிற்சாலையில் பூட்டியதுதானா என்று பார்ப்பார். 1960-களின் மெர்சிடிஸ் கார்களில் சேசிஸ் எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் மாடலைச் சொல்லும். முழுதாக இறக்குமதியான காரில் ஏழாவது இலக்கம் 1 என்றால் இடப்பக்க ஸ்டீயரிங், 2 என்றால் வலப்பக்கம். 1 என்று இருந்தும் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால், இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

சரி, பாகங்கள் எல்லாமே மாறிப்போயிருந்தால்? இந்தக் கேள்வி 1990-இல் லண்டன் உயர்நீதிமன்றத்துக்கே போனது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற பெண்ட்லி கார் அது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர். பின்னர் அதற்குப் பெரிய இன்ஜின் வைத்தார்கள். 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் தடத்தை விட்டுப் பறந்து ஓட்டுநர் இறந்தார். அதன்பின் வேறு பாடி கட்டினார்கள். பத்து மில்லியன் பவுண்டுக்கு விலை பேசியவர்கள், இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்கினார்கள். 1929-இன் பாகங்கள் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை என்பதை நீதிபதி ஓட்டன் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தக் காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கேட்க வேறு காரும் இல்லை. ஆகவே இதுவே அது என்று தீர்ப்பளித்தார். வாங்குபவர் வாங்கியே ஆகவேண்டியதாயிற்று.

அந்த வழக்கில் வென்றது இரும்பு அல்ல, அறுபடாத வரலாறு. நம் கெடா காருக்கும் அதே கணக்குதான். பழைய பதிவுப் புத்தகத்தில் துரையின் பெயர் இருந்தால் அதற்கு விலை உண்டு. இல்லாவிட்டால் அது வெறும் வாய்க்கதை. சாலை வரி வில்லை, பட்டறை ரசீது, 'K' எண் பலகை தெரிய எடுத்த குடும்பப் படம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். நம் மழைக்குத் தரைத்தகடு துருப்பிடிக்கும். அதைச் சரிசெய்வதில் தவறில்லை. கழற்றிய பழைய இன்ஜினைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதுதான் தவறு.

2022-இல் 1955-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே ஒன்று 135 மில்லியன் யூரோவுக்குப் போனதைப் படித்துவிட்டுக் கனவு காண வேண்டாம். அந்த வகையில் செய்யப்பட்டவை இரண்டே இரண்டு. நம் வீட்டு 200 டீசல் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது.

ஏலத்துக்குக் கொடுப்பதானால், இதற்குக் கீழே விற்கக்கூடாது என்ற குறைந்தபட்ச விலையை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பத்திரிகையில் வரும் ஏல விலையில் வாங்குபவர் கட்டும் கமிஷனும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். விற்பவரிடமும் தனியாகக் கட்டணம் பிடிப்பார்களா என்பதைக் கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.